நாலு மந்தை, ஒரே தொழுவம்

மாடு மேய்க்கிறதுக்கும் சர்வர் மேய்க்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா மக்களே? பேர்லயே இருக்கு. ரான்ச்சர்னா மாட்டுப் பண்ணைக்காரர். அந்த மென்பொருளுக்குள்ள இருந்த சொந்த எஞ்சினோட பேரு கேட்டில் :-)

கொஞ்சம் பின்னாடி போவோம். 2013ல டாக்கர் வந்த பிறகு, நிரலையும் அதுக்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பொட்டலமா கட்டுறது சுலபமாச்சு. அந்தப் பொட்டலம்தான் கன்டெய்னர். ஆனா நூறு கணினி கொண்ட கிளஸ்டர்ல எந்தப் பொட்டலம் எங்க ஓடணும்னு சொல்ல ஒரு மேஸ்திரி வேணுமே! அந்த வேலைக்குப் பலத்த போட்டி. பெர்க்லி பல்கலைக்கழகத்துல பிறந்த மெசாஸ், 2014ல கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டீஸ், டாக்கரோட சொந்தப் பிள்ளை ஸ்வார்ம். யார் ஜெயிப்பாங்கன்னு யாருக்கும் தெரியாத காலம் அது.

2016ல வந்த ரான்ச்சர் 1 வரிசை எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யார் ஜெயிச்சா என்ன, எல்லாரையும் ஒரே இணையத் திரையில சேர்த்துடுவோம்னு கிளம்பிட்டாங்க. புதுசா ஒரு சூழல் உருவாக்கும்போது நாலுல எது வேணும்னு கேக்கும், நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள போய்ப் பாத்தா, கேட்டிலுக்கு மட்டும்தான் அந்தத் திரை முழுசா வேலை செய்யும். குபெர்னெட்டீஸ் எடுத்தா அதோட சொந்த டாஷ்போர்டுக்கு வழி காட்டும். மெசாஸ் எடுத்தா மெசாஸோட திரைக்கு. வாசல் ஒண்ணு, வீடு நாலு! அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். குபெர்னெட்டீஸ்ல 'பாட்' தான் அடிப்படை, மெசாஸ்ல அப்படி இல்ல. அப்புறம் ரெண்டுக்கும் பொதுவா எந்தப் பொத்தானை வரையறது?

2017 அக்டோபர்ல டாக்கர் நிறுவனமே குபெர்னெட்டீஸையும் சேத்துக்கறோம்னு அறிவிச்சது. அடுத்த மாசம் அமேசானும் தன்னோட குபெர்னெட்டீஸ் சேவையை அறிவிச்சது. ஆட்டம் முடிஞ்சது. 2018 மே மாசம் வந்த ரான்ச்சர் 2.0ல மத்த மூணையும் தூக்கிட்டாங்க, சொந்தப் பிள்ளை கேட்டில் உட்பட. அதை நம்பி கோப்பு எழுதி வச்சிருந்தவங்க எல்லாம் குபெர்னெட்டீஸுக்கு மாத்தி எழுத வேண்டியதாப் போச்சு.

சரி, இனி ஒரே வகைதானேன்னு நினைச்சா, வகைகள் கொல்லைப்புறமா திரும்பி வந்தாச்சு. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட்ல உருவாக்குறது ஒரு ரகம். சொந்த சர்வர்ல ரான்ச்சரே நிறுவுறது இன்னொரு ரகம். வேற யாரோ கட்டினதை இறக்குமதி செய்யறது மூணாவது. அன்னைக்கு 2.0ல இறக்குமதி கிளஸ்டரைப் பாக்கலாம், அதுல நிரல் ஓட்டலாம். ஆனா கணினி கூட்டவோ பதிப்பு உயர்த்தவோ ரான்ச்சரால முடியாது.

எங்க ஆய்வகத்துலயும் ரெண்டு வகை கிளஸ்டருக்கு ஒரே திரை வேணும்னு இப்ப பேச்சு ஓடுது. என் ஓட்டு: பட்டியல் மட்டும் பொதுவா இருக்கட்டும். உள்ள போனா வகைக்கு ஒரு பக்கம், முடியாத வேலைக்கு அங்க பொத்தானே கூடாது. சீனியர் ஒருத்தர் ஒத்துக்கல, வியாழக்கிழமை மீட்டிங்!