அடிவயிற்றில் ஒரு தாளம்

காய்ச்சலில் துவளும் பத்து நாள் குழந்தையிடம், "கொஞ்சம் ஒண்ணுக்குப் போ கண்ணு" என்று யார் சொல்ல? சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் புட்டி அளவு போதும். அதைப் பிடிப்பதுதான் பாடு.

பிளாஸ்டிக் பை ஒட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் தோலில் இருக்கும் கிருமியும் கூடவே இறங்கிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஏதாவது வளர்ந்தால் அது சிறுநீர்ப்பையிலிருந்து வந்ததா, தொடையிடுக்கிலிருந்து வந்ததா என்று தெரியாது. பையில் பிடித்ததை வைத்துத் தொற்றை உறுதி செய்யக்கூடாது என்று 2011இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் சொன்னது இதனால்தான். மெல்லிய குழாய் விட்டு எடுக்கலாம், அடிவயிற்றில் ஊசி குத்தி உறிஞ்சலாம். சுத்தமாக வரும், குழந்தைக்குத்தான் வலி. அதுவும் வேண்டாமென்றால் துணியை அவிழ்த்துவிட்டுப் புட்டியோடு காத்திருக்க வேண்டும். நாம் கண்ணை எடுத்த நொடியில்தான் பீய்ச்சும்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்கியவர்கள் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் எர்ரேரோஸும் அவர் குழுவினரும். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அடிவயிற்றைத் தட்டிச் சிறுநீர் இறங்கவைப்பது பழைய பழக்கம். அந்தத் தட்டலைப் பச்சிளம் குழந்தைகளிடம் செய்து பார்த்து 2013இல் வெளியிட்டார்கள்.

பால் கொடுத்து 25 நிமிடம் கழித்துத் தொடங்குகிறார்கள். ஒருவர் குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்குகிறார், கால்கள் தொங்குகின்றன. இன்னொருவர் அடிவயிற்றில் விரல் நுனியால் நிமிடத்துக்கு 100 என்ற வேகத்தில் அரை நிமிடம் தட்டுகிறார். பிறகு இடுப்புப் பக்கம் முதுகெலும்பின் இருபுறமும் அரை நிமிடம் வட்டவட்டமாகத் தேய்க்கிறார். மறுபடி தட்டல். மூன்றாமவர் புட்டியோடு குனிந்தே நிற்கிறார். முதல் துளிகளை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டுமே! 80 குழந்தைகளில் 69 பேரிடம் பலித்தது, சராசரியாக 57 நொடியில்.

வளர வளர இந்தத் தாளம் எடுபடுவதில்லை. எட்டு மாதக் குழந்தையைக் கக்கத்தில் பிடித்துத் தொங்கவிட்டால் அது உதைக்கிற உதையில் புட்டிதான் முதலில் விழும். 2016இல் மான்ட்ரியலில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட 126 குழந்தைகளிடம் முயன்றபோது ஏறக்குறையப் பாதிப் பேரிடம்தான் பலித்தது.

மெல்பர்ன் மருத்துவர்கள் தட்டலையே விட்டுவிட்டார்கள். குளிர்ந்த சலைனில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தேய்த்தார்கள். 'குவிக்-வீ' என்று பெயர். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஐந்து நிமிடத்துக்குள் போனவர்கள் 31 சதவீதம். சும்மா காத்திருந்ததில் 12 சதவீதம். 2017இல் வந்த கணக்கு இது. பெயரில் உள்ள வேகம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஈரத்துணி வலிக்காது, செலவும் இல்லை. பலிக்காவிட்டால் குழாய் இருக்கவே இருக்கிறது.