பகடை உருட்ட ஒரு பொட்டி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் பார்த்தவங்களுக்கு அறிமுகமே வேண்டாம். முதல் எபிசோட்ல நாலு பசங்க வீட்டு அடித்தளத்துல மேசையைச் சுத்தி உட்கார்ந்து பகடை உருட்டிக்கிட்டு, டெமோகார்கன் வந்துருச்சுன்னு அலறுவாங்களே, அதேதான். பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. ஒருத்தர் கதைசொல்லி, அவருக்குப் பேரு டஞ்சன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். மந்திரவாதி, திருடன், குள்ளவீரன் இப்படி. கதைசொல்லி 'கதவுக்குப் பின்னாடி ஏதோ உறுமுது, என்ன பண்றே?'ன்னு கேட்பார். நீங்க 'கதவை உடைக்கிறேன்'னு சொல்லலாம், 'ஓடிப்போறேன்'னும் சொல்லலாம். உடைஞ்சுதா இல்லையாங்கறதை இருபது முகப் பகடை முடிவு பண்ணும்.

பேப்பர், பென்சில், பகடை, வாய். இவ்வளவுதான் சாமான். அப்புறம் இதுல கம்ப்யூட்டருக்கு என்ன வேலைன்னு கேட்டா, அதுக்கு ஐம்பது வருசக் கதை இருக்கு. பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்ங்கறதால எனக்கு விளையாட்டை விட அந்தக் கதை மேலதான் ஈர்ப்பு அதிகம். பதிவு கொஞ்சம் நீளம். காபியோட வாங்க.

1974-ல அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனீவான்னு ஒரு சின்ன ஊர்ல இருந்து இந்த விளையாட்டு வெளிவந்தது. எழுதினவங்க கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். முதல் அச்சு வெறும் 1000 பிரதி. மர நிறத்துல ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே மூணு குட்டிப் புத்தகம், விலை 10 டாலர். புத்தகத்தைப் புரட்டினா அட்டவணைக்கு மேல அட்டவணை. 1979-ல கைகாக்ஸ் எழுதின டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு அதுக்கும் ஒரு படி மேல. அதோட முதல் பின்னிணைப்பே பகடை உருட்டி நிலவறையை உருவாக்குறது எப்படின்னுதான். ஒரு எண் விழுந்தா பாதை திரும்பும், இன்னொரு எண் விழுந்தா கதவு வரும், கதவு வந்தா அடுத்த அட்டவணைக்குப் போ. காலேஜ்ல வரைஞ்ச ஃப்ளோசார்ட்டுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. மனுசனையே சிபியூவா வெச்சு ஓடுற நிரல்.

அப்படியிருக்க, நிஜ சிபியூ கையில கிடைச்சவன் சும்மா இருப்பானா? இல்லினாய் பல்கலைக்கழகத்துல பிளேட்டோன்னு ஒரு கணினி அமைப்பு இருந்தது. 1975-லயே அதுல நிலவறை விளையாட்டு ஒண்ணு வந்துருச்சு. பேரு பிஎடிட்5. ஏதோ பாடக் கோப்பு மாதிரி ஒரு அப்பாவிப் பேரு. ஆபீஸ்ல எக்செல் ஜன்னலுக்குப் பின்னாடி கிரிக்கெட் ஸ்கோர் ஓடுமே, அந்த டெக்னிக்குக்கு மூதாதை :-) நிர்வாகிகள் கண்டுபிடிச்சு அழிச்சது வேற விஷயம். ஆனா இந்த வகையில கதைசொல்லியையே தூக்கிட்டு அந்த இடத்துல கணினியை உட்கார வெச்சுட்டாங்க. அது வீடியோ கேமா வளர்ந்து வேற பக்கம் போயிருச்சு. நாம பேசப்போறது கதைசொல்லிக்கு எடுபிடியா இருக்கிற கணினியைப் பத்தி.

எடுபிடி வேலைக்கு ஆரம்பத்துல நிரல் எழுதினவங்க எல்லாம் விளையாடுறவங்களேதான். டிராகன் பத்திரிகையில எலக்ட்ரிக் ஐ-ன்னு கணினிக்கே ஒரு பத்தி வந்துச்சு. பேசிக் நிரலைப் பார்த்துப் பார்த்து வீட்டுப் பொட்டியில தட்டணும். ஒரு கமா விட்டுப்போனா அவ்வளவுதான், அந்த அசுரனுக்கு உயிரே வராது. காசுக்கு வித்த அதிகாரப்பூர்வ மென்பொருள்னா 1988-ல எஸ்எஸ்ஐ கம்பெனி கொண்டுவந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் அசிஸ்டெண்ட். முதல் பாகம் மோதல்களைத் தயார் பண்ணித் தரும், அடுத்த வருசம் வந்த ரெண்டாம் பாகம் பாத்திரங்களையும் புதையல்களையும். அதே 1988-ல எஸ்எஸ்ஐ வெளியிட்ட பூல் ஆஃப் ரேடியன்ஸ் வீடியோ கேம்தான் எல்லார் வாயிலயும் இருந்துச்சு. எடுபிடியை யாரு கண்டுக்கறா.

1993-ல இங்கிலாந்துல இருந்து கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்னு ஒரு வரைபட மென்பொருள் வந்தது. அதைத் தனிப்பதிவாத்தான் எழுதணும். 1996-ல டிஎஸ்ஆர் நிறுவனம் (கைகாக்ஸ் ஆரம்பிச்சதுதான், ஆனா அப்போ அவர் அங்க இல்லை) கோர் ரூல்ஸ்னு ஒரு சிடி போட்டது. பாத்திரம் உருவாக்க, வரைபடம் போட, பகடை உருட்ட எல்லாம் அதுல இருந்தது. முக்கியமா, விதிப்புத்தகங்களோட முழு உரையும் ஆர்டிஎஃப் கோப்பா இருந்தது. இந்த ஆர்டிஎஃப்-ஐ மனசுல ஓரமா வெச்சுக்குங்க.

டிஎஸ்ஆர் கடன்ல மூழ்கி, 1997-ல விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கினது. 1999-ல ஹாஸ்ப்ரோ விசார்ட்ஸை வாங்கினது. சின்ன மீனைப் பெரிய மீன், பெரிய மீனை அதைவிடப் பெரிய மீன். 2000 ஆகஸ்டுல மூணாவது பதிப்பு வந்தப்போ புத்தகத்தோடவே ஒரு சிடி கொடுத்தாங்க. பாத்திரம் உருவாக்கும் டெமோ. 'இது சும்மா டிரெயிலர், முழுப்படம் மாஸ்டர் டூல்ஸ்னு வருது'ன்னு சொன்னாங்க. வரைபடம் உட்பட என்னென்னமோ வரும்னாங்க. இதுக்கு நடுவுல ஹாஸ்ப்ரோ தன்னோட வீடியோ கேம் பிரிவை இன்ஃபோகிராம்ஸ்க்கு வித்துருச்சு, டி அண்ட் டி கணினி விளையாட்டு உரிமையும் கூடவே போயிருச்சு. கடைசியில 2002-ல வெளிவந்தப்போ பேரு இ-டூல்ஸ்னு சுருங்கியிருந்தது. வரைபடம் காணோம். பிழைகள் மட்டும் நிறைய.

ஏன் இவ்வளவு சிரமம்? வெளியில இருந்து பார்த்தா கூட்டல் கழித்தல் தானேன்னு தோணும். மூணாவது பதிப்போட விதி ஒண்ணைச் சொல்றேன், பாருங்க. உங்க வீரனுக்கு ஒரு மந்திரம் பலம் கூட்டுது, ஒரு இடுப்புப்பட்டையும் பலம் கூட்டுது. ரெண்டும் ஒரே வகை போனஸ்னா கூட்டக்கூடாது, பெருசு மட்டும்தான் செல்லும். வேற வேற வகைன்னா கூட்டலாம். டாட்ஜ்னு ஒரு வகை, அது ஒரே வகையா இருந்தாலும் கூட்டலாம். இப்போ பலம் மாறினா அடிக்கிற எண் மாறும், சேதம் மாறும், தூக்கக்கூடிய சுமை மாறும், சுமை மாறினா நடக்கிற வேகம் மாறும். இந்த லட்சணத்துல மாசாமாசம் புதுப் புத்தகம் வரும், ஒவ்வொண்ணும் முந்தின விதிக்கு ஒரு விதிவிலக்கோட. க்ளையண்ட் தினம் ஒரு ரிக்வயர்மெண்ட் மாத்துற ப்ராஜெக்ட்ல ஆணி பிடுங்கினவங்களுக்கு இந்த வலி புரியும்.

அதே 2000-ல இணையத்துல நாலஞ்சு ஆர்வலர்கள் சேர்ந்து ஜாவாவுல ஒரு மென்பொருள் ஆரம்பிச்சாங்க. பிசிஜென். ஓப்பன் சோர்ஸ், இலவசம். பார்க்க லட்சணமா இருக்காது (ஜாவா ஸ்விங்னா சும்மாவா). ஆனா ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க: விதிகளை நிரலுக்குள்ள புதைக்காம, தனியா சாதாரண உரைக்கோப்புல வெச்சாங்க. டேப் போட்டுப் பிரிச்ச வரிகள், 'இந்தத் திறமை இருந்தா இதுக்கு இவ்வளவு போனஸ்'ங்கற மாதிரி. புதுப் புத்தகம் வந்தா நிரலாளருக்காகக் காத்திருக்க வேண்டாம், நோட்பேட் தெரிஞ்ச யார் வேணும்னாலும் சேர்க்கலாம். சேர்த்தாங்க. விசார்ட்ஸோட புத்தகங்களையும் சேர்த்தாங்க, அங்கதான் வம்பு வந்தது. ஓப்பன் கேமிங் லைசன்ஸ்னு 2000-லயே விசார்ட்ஸ் ஒரு உரிமம் கொடுத்திருந்தது. அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம், மத்த புத்தகங்களைத் தொடக்கூடாது. அந்தத் தரவெல்லாம் நீக்க வேண்டி வந்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பிசிஜென் ஆட்கள் சிலர் சேர்ந்து கோட்மங்கி பப்ளிஷிங்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு உரிமம் வாங்கி, இ-டூல்ஸையும் கையில எடுத்து ரிப்பேர் பண்ணினாங்க! ஓசியில எழுதினவங்களே காசு கொடுத்து வாங்கின மென்பொருளோட ஓட்டையை அடைச்ச கதை. 2006 கடைசியில விசார்ட்ஸ் அந்த உரிமத்தைப் புதுப்பிக்கலை. கடை மூடியாச்சு.

ஏன்னு 2007 ஆகஸ்டுல புரிஞ்சது. ஜென்கான் திருவிழாவுல நாலாவது பதிப்பை அறிவிச்சு, கூடவே டி அண்ட் டி இன்சைடர்னு மாசச் சந்தா சேவையையும் அறிவிச்சாங்க. முப்பரிமாண மேசை, பாத்திரத்தை உருவமா செதுக்கும் கருவி, எல்லாம் திரையில ஜொலிச்சுது. 2008-ல புத்தகம் வந்தது, முப்பரிமாண மேசை வரவே இல்லை. 2010-ல அதுக்குப் பதிலா தட்டையா ஒரு மேசையை பீட்டான்னு விட்டு, 2012 ஜூலையில அதையும் மூடிட்டாங்க.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சேவையில ஒண்ணு மட்டும் நிஜமாவே அருமை: கேரக்டர் பில்டர். 2009-ல வந்தது. நம்ம கணினியில தரவிறக்கி வெச்சுக்கலாம், மாசாமாசம் புது விதிகள் வந்து சேரும். ஆனா நம்ம ஆளுங்க லேசுப்பட்டவங்களா? ஒரு மாசம் சந்தா கட்டுறது, எல்லாத்தையும் இறக்கிக்கிறது, சந்தாவை நிறுத்திடறது. நாலு மாசம் கழிச்சு மறுபடி ஒரு மாசம். கம்பெனிக்கு வயிறெரியறது நியாயம்தான். 2010 நவம்பர்ல அந்த மென்பொருளுக்குப் புதுப்பிப்பை நிறுத்திட்டு, இணையத்துல மட்டும் ஓடுற ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. எதுல எழுதினாங்க தெரியுமா? மைக்ரோசாஃப்ட் சில்வர்லைட்ல. (ஒரு நிமிட மௌன அஞ்சலி.)

சில்வர்லைட் செத்துக்கிட்டே இருந்தது, உலாவிகள் ஒவ்வொண்ணா கைகழுவின. 2020 பிறக்கும்போது விசார்ட்ஸ் மொத்தச் சேவையையும் அணைச்சுட்டாங்க. அந்த சர்வர்ல மட்டும் பாத்திரத்தை வெச்சிருந்தவங்க முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கலைன்னா போச்சு. ரெண்டு வருசம் வாராவாரம் உட்கார்ந்து வளர்த்த பாத்திரம் அது. எப்போ கை போச்சு, எந்த நண்பனைக் காப்பாத்தப் போய் தழும்பு வந்ததுன்னு ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி ஒரு ராத்திரி இருக்கும். பழைய தரவிறக்க மென்பொருளை மட்டும் ரசிகர்கள் விடலை. சிபிலோடர்னு ஒரு சின்ன நிரல் எழுதி, அதுக்குள்ள விட்டுப்போன விதிகளையும் சொந்த விதிகளையும் ஏத்தி ஓட்டினாங்க. கம்பெனி கைவிட்ட பொட்டி ஓடுது, கம்பெனி காப்பாத்தின பொட்டி போயிருச்சு. 1996-ன் அந்த ஆர்டிஎஃப் ஞாபகம் இருக்கா? அது இன்னைக்கும் திறக்குது.

இதுக்கு நடுவுல மேசைப் பிரச்சினையை வெளியாட்கள் தீர்த்துட்டாங்க. 2004-ல ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ் வந்தது. 2012-ல காலேஜ்ல ஒரே அறையில இருந்த மூணு பேர், ஆளுக்கொரு ஊர்ல செட்டில் ஆனப்புறம் சேர்ந்து விளையாடறதுக்காக ரோல்20 எழுதினாங்க. கிக்ஸ்டார்ட்டர்ல கேட்டது 5000 டாலர், வந்தது கிட்டத்தட்ட 40000. உலாவியைத் திறந்தா மேசை, வரைபடம், பகடை எல்லாம் ரெடி. பகடைன்னதும் ஒரு சங்கதி. மேசையில உருளுற பகடையை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, கணினி தொடர்ந்து மூணு தடவை 1 போட்டா 'இது ஃபிராடு'ன்னு கொந்தளிப்பாங்க. சந்தேகத்துல துளி நியாயமும் உண்டு. பழைய சி கம்பைலர்கள்ல ரேண்ட் 0-ல இருந்து 32767 வரைக்கும் தரும். அதை இருபதால வகுத்து மீதியை எடுத்தா, முதல் எட்டு எண்ணுக்கு 1639 வாய்ப்பு, மத்த பன்னிரண்டுக்கு 1638. அதாவது 1-ல இருந்து 8 வரை தலா ஒரே ஒரு வாய்ப்பு அதிகம். அதுக்கும் நீங்க தோத்ததுக்கும் சம்பந்தமில்லை, சும்மா அழாதீங்க. ரோல்20 ஆட்கள் வாய்த் தகராறே வேண்டாம்னு, ஒளிக்கற்றையோட ஏற்ற இறக்கத்துல இருந்து எண் எடுக்குற வசதியே வெச்சுட்டாங்க.

2020 மே மாசம் ஃபவுண்ட்ரி வந்தது. 50 டாலர் ஒரே தடவை, நம்ம கணினியிலயே சர்வர் ஓடும். உலகமே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரம். எங்க குழுவுக்கு அதுதான், என் பழைய லேப்டாப்ல ஓடுது. ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் எல்லாப் பாத்திரத்தையும் ஜேசன் கோப்பா இறக்கி வெச்சுடுவேன். மேல சொன்ன கதையெல்லாம் படிச்சவன் வேற எப்படி இருப்பான்?

விசார்ட்ஸ் என்ன பண்ணினாங்க? 2017-ல வேற ஒரு கம்பெனி ஆரம்பிச்ச டி அண்ட் டி பியாண்ட் நல்லா ஓடினதைப் பார்த்துட்டு, 2022-ல ஹாஸ்ப்ரோ அதை 146.3 மில்லியன் டாலருக்கு வாங்கினது. 2023 ஜனவரியில பழைய ஓப்பன் கேமிங் லைசன்ஸை ரத்து பண்ணப்போற வரைவு கசிஞ்சு ஊரே பத்திக்கிச்சு. ஆளாளுக்கு பியாண்ட் சந்தாவை ரத்து பண்ணினாங்க. சமாதானமா வந்த அடுத்த வரைவுல ஒரு ஷரத்து. மெய்நிகர் மேசையில மந்திர அம்பு பறந்துபோய்த் தாக்குற மாதிரி அனிமேஷன் காட்டினா அது மேசை விளையாட்டு இல்லையாம், வீடியோ கேமாம்! எங்க அம்பு பறக்கலாம்னு வக்கீல் முடிவு பண்ற நிலைமை. கடைசியில ஜனவரி 27-ம் தேதி பின்வாங்கி, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டாங்க. இனி திரும்பப் பிடுங்க முடியாது.

2024 ஆகஸ்டுல மறுபடி ஒரு கூத்து. புதுப் புத்தகம் வர்றதால பியாண்ட்ல இருக்கிற எல்லார் பாத்திரத்துலயும் பழைய மந்திரங்கள் புது விதிக்குத் தானா மாறிடும்னு அறிவிச்சாங்க. காசு கொடுத்து வாங்கின பழைய புத்தகம் இருந்தும்! கூச்சல் கிளம்பி, சில நாள்ல அதையும் வாபஸ் வாங்கினாங்க.

2007-ல காட்டின அந்த முப்பரிமாண மேசை ஒருவழியா 2025 பிப்ரவரியில வந்தது. பேரு சிஜில், அன்ரியல் எஞ்சின், பார்க்க அட்டகாசம். மார்ச்ல அதை எழுதின குழுவுல பெரும்பாலானவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வரைபட மென்பொருள் கதை பாக்கி இருக்கு. ஆணி குறைஞ்சா அடுத்த வாரம்.