சந்தைக்கு வரும் முன்பே வாங்கலாமா? அமெரிக்க அடமான நோட்டு வியாபாரமும் விற்பவரின் உரிமையும்

அமெரிக்காவில் வேலைக்குச் சென்று அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்ட நம் பிள்ளைகள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "வீட்டு அடமான நோட்டுகளை விலைக்கு வாங்கும் தொழில் இங்கே நடக்கிறது. விற்பவரோடு நல்ல உறவை வளர்த்துக்கொண்டால் நல்ல லாபம் வரும் என்கிறார்கள். நாமும் செய்யலாமா?" என்பதே அது. இன்னொரு பக்கம், வீட்டைத் தவணைக்கு விற்றுவிட்டு மாதாமாதம் பணம் பெற்றுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு, "உங்கள் நோட்டை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்று தபாலில் கடிதம் வருகிறது.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது, விற்பவரின் நம்பிக்கையை எப்படிப் பெறுகிறார்கள், மார்க்கம் எங்கே கோடு போடுகிறது என்பதை இரு தரப்பாருக்கும் பயன்படும் வகையில் இங்கே பார்ப்போம்.

அடமான நோட்டு என்றால் என்ன?

நம் ஊரில் கடன் வாங்குபவர் புரோநோட்டு எழுதித் தருகிறார். வீட்டை ஈடாக வைத்தால் அடமானப் பத்திரமும் எழுதப்படுகிறது. அமெரிக்காவிலும் வீட்டுக் கடனுக்கு இரண்டு ஆவணங்கள் உண்டு. ஒன்று, இவ்வளவு தொகையை, இன்ன வட்டியில், இத்தனை மாதங்களில் தருகிறேன் என்று கடனாளி கையெழுத்திடும் நோட்டு. மற்றொன்று, தராவிட்டால் வீட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளலாம் என்ற பிணை ஆவணம். மாநிலத்தைப் பொறுத்து இதை மார்ட்கேஜ் என்றோ டீட் ஆஃப் டிரஸ்ட் என்றோ அழைப்பார்கள். இது அந்தந்த கவுன்டியின் பதிவு அலுவலகத்தில் பதிவாகும்.

இந்த நோட்டு கைமாறக்கூடியது. கடன் கொடுத்தவர் அதை வேறொருவருக்கு விற்றால், அன்று முதல் மாதத் தவணை புதியவருக்குச் சேரும். இப்படிக் கடன்களை வாங்குவதற்காகவே 1938-இல் ஃபேன்னி மே நிறுவனமும் 1970-இல் ஃபிரெடி மேக் நிறுவனமும் அங்கே அமைக்கப்பட்டன. அந்தப் பெரிய சந்தைக்குப் பக்கத்தில், தனி மனிதர்களும் சிறு நிறுவனங்களும் நோட்டுகளை வாங்கி விற்கும் சிறிய சந்தை ஒன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் கேட்பது இதைப் பற்றித்தான்.

விற்பவர்கள் யார்?

இரண்டு வகையினர். முதல் வகையினர் தனி மனிதர்கள். வீடு வாங்க வந்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்காதபோது, வீட்டுக்காரரே முன்பணம் பெற்றுக்கொண்டு மீதியைத் தவணையாகத் தரச் சொல்லி விற்றிருப்பார். சில ஆண்டுகள் கழித்து மருத்துவச் செலவோ பிள்ளையின் படிப்போ வரும். மொத்தப் பணம் தேவைப்படும். வீட்டுக்காரர் இறந்துபோய், வாரிசுகள் நோட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ள விரும்புவதும் உண்டு.

இரண்டாம் வகையினர் வங்கிகள், கிரெடிட் யூனியன்கள், முதலீட்டு நிதிகள். இவர்கள் பெரும்பாலும் நோட்டுகளைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஒழுங்காகத் தவணை வருபவை ஒரு விலைக்கும், தவணை நின்றுபோனவை அதைவிடக் குறைந்த விலைக்கும் போகும்.

விலை எப்படிக் குறைகிறது?

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 1,00,000 டாலர் நோட்டு, 8 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 836 டாலர் வரும். ஐந்து ஆண்டுகள் கழித்து நிலுவை அசல் ஏறத்தாழ 87,500 டாலர். அந்த நேரத்தில் நோட்டை வாங்க வருபவர் தன் பணத்துக்கு 12 சதவீத வருவாய் எதிர்பார்த்தால், அவர் தரும் விலை சுமார் 69,700 டாலர்தான். அதாவது, நிலுவை அசலில் 17,800 டாலரை விற்பவர் இழக்கிறார். வாங்கியவருக்கோ மீதமுள்ள 180 மாதங்களில் மொத்தம் 1,50,000 டாலருக்கு மேல் வந்து சேரும்.

எதிர்பார்க்கும் வருவாய் ஏற ஏற, விற்பவருக்குக் கிடைக்கும் விலை இறங்கும். இந்தக் கணக்கு வாங்குபவருக்கு விரல் நுனியில் இருக்கும். நோட்டு வைத்திருக்கும் முதியவருக்குப் பெரும்பாலும் தெரியாது. இந்த வியாபாரத்தில் நேர்மையும் மோசடியும் பிரியும் இடம் இதுதான்.

விற்பவரிடம் நம்பிக்கை வளர்வது எப்படி?

முதலில், தேவையைக் கேட்க வேண்டும். விற்பவருக்கு 35,000 டாலர்தான் தேவை என்றால் முழு நோட்டையும் விற்கச் சொல்வது அவருக்கு நலம் நாடுவதாகாது. அடுத்த 60 தவணைகளை மட்டும் விற்கும் வழி அந்தச் சந்தையிலேயே உண்டு. மேலே சொன்ன கணக்கின்படி அதற்குச் சுமார் 37,600 டாலர் கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் நோட்டு அவரிடமே திரும்பும். அப்போது சுமார் 68,900 டாலர் அசல் நிலுவையில் இருக்கும். இப்படி ஒரு வழி இருப்பதைத் தானாக எடுத்துச் சொல்பவரையே விற்பவர் நம்புகிறார்.

இரண்டாவது, கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். என்ன வருவாய் எதிர்பார்க்கிறோம், அதனால் விலை ஏன் இவ்வளவு என்பதை எழுத்தில் தர வேண்டும். வேறு இரண்டு பேரிடமும் விலை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லவும் தயங்கக் கூடாது.

மூன்றாவது, சொன்ன விலையில் நிற்க வேண்டும். பெரிய விலை சொல்லி ஒப்பந்தத்தில் கட்டிப் போட்டுவிட்டு, பணம் தரும் நாள் நெருங்கும்போது ஏதேனும் காரணம் காட்டிக் குறைப்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். பணத் தேவையில் இருப்பவர் அந்த நேரத்தில் மறுக்க முடியாது என்பதே அதன் கணக்கு. ஒருமுறை இப்படிச் செய்தவரிடம் எந்த வங்கியும் மறுமுறை கட்டை நீட்டாது.

நான்காவது, வரியை நினைவூட்ட வேண்டும். தவணைக்கு விற்றவர் தன் லாபத்துக்கான வரியை ஆண்டுதோறும் பிரித்துக் கட்டிவருவார். நோட்டை விற்றுவிட்டால் மீதி லாபத்துக்கான வரி அந்த ஆண்டிலேயே வந்து விழலாம். கணக்காளரைக் கலந்து பேசிய பிறகு கையெழுத்திடுங்கள் என்று சொல்வது வாங்குபவரின் கடமை.

ஐந்தாவது, கடனாளியின் விவரங்கள் அமானிதம். அவருடைய வருமானம், தவணை வரலாறு எல்லாம் விற்பவர் நம்பித் தருபவை. நோட்டு கைக்கு வரும் முன்பே கடனாளியைத் தேடிப் போய்ப் பேசுவது விற்பவருக்குச் செய்யும் துரோகம்.

நிறுவனங்களிடம் உறவு வளர்வதும் இதே வழியில்தான். சிறியதாக ஒன்று வாங்கி, சொன்ன நாளில் பணம் கட்டி முடிப்பது. வேண்டாதவற்றை இழுத்தடிக்காமல் உடனே காரணத்துடன் திருப்பி அனுப்புவது. இவ்விரண்டும் இருந்தால் அடுத்த கட்டு தானாக வரும்.

சரிபார்க்க வேண்டியவை

விற்பவருக்கும் கடமை உண்டு. தவறிய தவணைகள், வாய்மொழியாகக் கொடுத்த சலுகைகள், வீட்டின் மேல் உள்ள வேறு கடன்கள் ஆகியவற்றை அவர் மறைக்கக் கூடாது. வாங்குபவர் அசல் நோட்டு, பிணை ஆவணம், தவணை வரலாறு, சொத்து வரி நிலுவை, வீட்டுக் காப்பீடு, வீட்டின் இன்றைய மதிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நிலுவை இவ்வளவுதான் என்று கடனாளியிடம் எழுத்தில் உறுதி பெற வேண்டும். இதை விற்பவரின் சம்மதத்தோடு செய்ய வேண்டும். நோட்டின் மேல் மாற்றுக் கையெழுத்தும், பிணை உரிமை மாற்றமும் முறையாக நடந்து, அந்த மாற்றம் கவுன்டி அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பணம் நடுநிலையான எஸ்க்ரோ கணக்கு வழியாகக் கைமாறுவதே இருவருக்கும் பாதுகாப்பு.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிடும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். பொய் சொல்லி மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

நம் விஷயத்துக்கு மிக நெருக்கமான நபிமொழி இன்னொன்று. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தாரைச் சந்தைக்கு வெளியே வழிமறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், சரக்குக்கு உரியவர் சந்தைக்கு வந்த பிறகு அந்த விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சொன்னார்கள். சந்தை விலை தெரியாதவரின் அறியாமையை லாபமாக்கக் கூடாது என்பதே இதன் கருத்து. கவுன்டிப் பதிவுகளில் பெயரைத் தேடி எடுத்து, விலை தெரியாத ஒரு முதியவருக்குக் கடிதம் போட்டு, அவர் நாலு இடத்தில் விசாரிக்கும் முன் கையெழுத்து வாங்குபவர் தன்னிடம் இந்த நபிமொழியைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் விற்பவரிடம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், விற்கப்படும் பொருள் எது என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அடமான நோட்டில் விற்கப்படுவது வீடு அல்ல. வர வேண்டிய கடன். அந்தக் கடனில் வட்டி இருக்கிறது. நோட்டை வாங்குபவர் அந்த வட்டியை வாங்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார். இது முதல் சிக்கல். நாளை வரும் பணத்தை இன்று குறைந்த பணத்துக்கு மூன்றாம் நபரிடம் விற்பது இரண்டாம் சிக்கல். 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தனது 64-ஆவது தீர்மானத்தில் இதை ஆராய்ந்து, வணிகப் பத்திரங்களைத் தள்ளுபடி விலைக்கு விற்பது வட்டியில் சேரும் என்று முடிவு சொன்னது. மலேசியாவில் நிபந்தனைகளோடு கடன் விற்பனையை அனுமதித்த அறிஞர்கள் உண்டு. ஆனால் அவர்களும் ஷரீஅத்துக்கு உட்பட்ட வியாபாரத்தில் உருவான கடனைத்தான் பேசினார்களே தவிர, வட்டிக் கடனை அல்ல.

எனவே, வட்டியுள்ள அடமான நோட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கும் தொழில் நமக்கு உரியதல்ல. விற்பவரோடு உள்ள நல்லுறவு அதை ஹலாலாக்கிவிடாது.

நம் குடும்பங்களுக்கு உள்ள வழிகள்

தவணைக்கு வீடு விற்க விரும்புபவர், வட்டி என்ற பேச்சே இல்லாமல் மொத்த விலையையும் தவணையையும் ஆரம்பத்திலேயே நிர்ணயித்துக்கொள்ளலாம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருந்தாலும், ஒரே விலையாக முடிவு செய்துவிட்டால் பெரும்பான்மை அறிஞர்கள் அதை அனுமதிக்கிறார்கள். தவணை தாமதமானால் தொகையைக் கூட்டக் கூடாது.

இடையில் பணம் தேவைப்பட்டால் மூன்றாம் நபரைத் தேடும் முன் வீட்டை வாங்கியவரிடமே பேசலாம். "மீதியை இப்போதே தந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதை, அது முன்கூட்டியே போட்ட ஒப்பந்தமாக இல்லாமலும், இருவருக்கு இடையில் மட்டும் இருந்தாலும், அதே 64-ஆவது தீர்மானம் அனுமதிக்கிறது. மூன்றாம் நபர் நுழைந்தால் அனுமதி இல்லை என்றும் அதுவே சொல்கிறது. பல நேரங்களில் நோட்டு வியாபாரிக்குப் போகும் தள்ளுபடியில் பாதியைக் கொடுத்தாலே கடனாளி மகிழ்ச்சியோடு முன்வருவார். விற்றவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும்.

முதலீடு செய்ய விரும்பும் பிள்ளைகள் கடனை வாங்குவதற்குப் பதில் வீட்டையே வாங்கி வாடகைக்கு விடலாம். வீட்டில் பங்கு வாங்கி, குடியிருப்பவர் அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளும் குறையும் கூட்டுரிமை முறையிலும் சேரலாம். ஒப்பந்தத்தின் வாசகத்தை நம்பகமான ஆலிமிடமும், அந்த மாநிலச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமும் காட்டிய பிறகு செய்வது நல்லது. மேலே சொன்ன ஐந்து ஒழுக்கங்களும் அங்கே அப்படியே பயன்படும்.

"உங்கள் நோட்டை வாங்கிக்கொள்கிறோம்" என்ற கடிதம் வீட்டுப் பெரியவருக்கு வந்தால், பிள்ளைகள் அதை வாங்கிப் படியுங்கள். நிலுவை அசல் எவ்வளவு, அவர்கள் தரும் விலை எவ்வளவு, இரண்டுக்கும் இடையே போவது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்த மூன்று எண்களும் தெரியாமல் நம் பெரியவர் எவரும் கையெழுத்துப் போடக் கூடாது.

நமது கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.