கலத்தின் மேல் எழுதிய சொல்

பழைய சீனப் பீங்கானைச் சேகரிப்போர் ஒரு கலத்தைக் கையில் எடுத்தவுடன் அதைக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்ப்பது வழக்கம். மிங், சிங் மரபினரின் காலத்தில், அரண்மனைக்கெனச் செய்த கலங்களின் அடியில் ஆளும் பேரரசரின் ஆட்சிப் பெயரை நான்கு அல்லது ஆறு எழுத்துகளில் எழுதினர். அதைக் கொண்டே கலத்தின் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அவ்வெழுத்து எப்போதும் உண்மை பேசுவதில்லை. 1465 முதல் 1487 வரை ஆண்ட செங்ஹுவா பேரரசரின் பெயர், அவர் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின், காங்சி பேரரசரின் காலத்தில் செய்த கலங்கள் பலவற்றின் அடியிலும் காணப்படுகிறது. சிலர் வாங்குவோரை ஏமாற்ற அவ்வாறு எழுதினர். சிலர் முன்னோரின் கைத்திறனுக்குச் செலுத்தும் வணக்கமாக எழுதினர். ஆகவே, எழுத்தைப் படிக்கக் கற்பதோடு அதை ஐயுறவும் கற்றவரே இத்துறையில் தேர்ந்தவராகிறார்.

பீங்கானுக்கும் எழுத்துக்கும் உள்ள இவ்வுறவை இரு பெரும் சேகரிப்பாளர்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் 1736 முதல் 1795 வரை சீனத்தை ஆண்ட சியான்லுங் பேரரசர். மற்றவர் 1892இல் பம்பாயில், பாக்தாத் யூத மரபைச் சேர்ந்த வணிகக் குடும்பத்தில் பிறந்த சர் பெர்சிவல் டேவிட்.

சியான்லுங் பேரரசர் தம் வாழ்நாளில் 40,000க்கும் மேற்பட்ட கவிதைகளைத் தம் பெயரில் விட்டுச் சென்றவர். அவற்றுள் ஏறத்தாழ 200 கவிதைகள் மட்கலங்களையும் பீங்கான் கலங்களையும் பாடுகின்றன. பாடியதோடு அவர் அமையவில்லை. அரண்மனைக் கருவூலத்தில் இருந்த பழங்கலங்கள் பலவற்றின் மேல் அக்கவிதைகளைச் செதுக்கவும் ஆணையிட்டார். அவ்வாறு உளிபட்டவற்றுள் ரூ சூளையின் கலங்களும் உண்டு.

ரூ கலங்கள் 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வட சோங் அரசவைக்கெனச் செய்யப்பட்டவை. மேனாட்டார் அவற்றைப் பீங்கானினின்று பிரித்து வேறு வகையில் வைப்பர்; சீனர் வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வெளிறிய நீலப்பச்சை மெருகைத் தவிர அவற்றில் பெரும்பாலும் ஓவியமோ எழுத்தோ இல்லை. சூளையில் கலத்தைத் தாங்கிய முனைகள் விட்ட எள்ளளவு தழும்புகள் மட்டுமே அடியில் தெரியும். அச்சூளை இருந்த இடம் ஹெனான் மாநிலத்துச் சிங்லியாங்சி என்னும் ஊர் என்பது 1987இல்தான் கண்டறியப்பட்டது. இன்று உலகில் எஞ்சியுள்ள ரூ கலங்கள் நூற்றுக்கும் குறைவு. 2017இல் ஹாங்காங் ஏலத்தில் தூரிகை கழுவும் சிறு கிண்ணம் ஒன்று 29 கோடியே 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விலைபோயிற்று.

அத்தகைய கலத்தின் மெருகைக் கீறிப் பேரரசர் தம் கவிதையைப் பதித்தார். சில ரூ கலங்களை வேறொரு சூளையின் கலங்களாகக் கருதியே அவர் பாடியிருக்கிறார். கலத்தில் ஏறிய பிழை அழிக்க இயலாத பிழையாயிற்று. எனினும் அவ்வெழுத்தால் விளைந்த பயனையும் மறுத்தற்கில்லை. அக்கவிதை உள்ள கலம் அரண்மனையில் இருந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அவர் கவிதை கலம் பிறந்த கதையைச் சொல்லாவிடினும் அது யாரிடம் இருந்தது என்பதைச் சொல்கிறது.

1912இல் சிங் பேரரசு முடிவுற்றது. பதவி இழந்த அரச குடும்பம் 1924 வரை பீக்கிங் அரண்மனையின் உட்பகுதியில் வாழ்ந்தது. அக்காலத்தில், பாடி மகிழ்ந்த பேரரசரின் வழித்தோன்றல்கள் கருவூலப் பொருள்களை வங்கியில் அடகு வைத்துக் கடன் பெற்றனர். கடன் மீட்கப்படவில்லை. அப்படி வங்கியில் தங்கிய கலங்களுள் சிலவற்றை 1927இல் பெர்சிவல் டேவிட் வாங்கினார்.

டேவிட் வெறும் செல்வர் அல்லர். சீன மொழியைக் கற்றார். சீன அறிஞர்கள் எழுதிய பழைய நூல்களைத் தேடிப் படித்தார். கலத்தின் அழகோடு அதன் மேலுள்ள எழுத்தும் அவரை ஈர்த்தது. அரண்மனையின் சுவையை அறிந்து சேர்த்த அவரது தொகுப்பில் மிகப் புகழ்பெற்ற கலங்களோ அரண்மனையைச் சேர்ந்தவை அல்ல. இரு வேறு சேகரிப்பாளர்களிடமிருந்து தனித்தனியே வாங்கி அவர் ஒன்றுசேர்த்த இரண்டு பூச்சாடிகள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் உயரம். வெண்பீங்கானில் கோபால்ட் நீலத்தால் தீட்டிய நாகங்கள். யானைத் தலை வடிவில் கைப்பிடிகள். கழுத்தில் தீட்டிய வாழையிலைகளின் இடையே ஒரு கொடைச் செய்தி எழுதப்பட்டுள்ளது.

தமிழகக் கோவில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்க்கு அச்செய்தியின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. கொடுத்தவர் பெயர் சாங் வென்ஜின். அவருடைய ஊர் எந்த நாட்டில், எந்தப் பிரிவில் உள்ளது என்பது வரிசையாகச் சொல்லப்படுகிறது. கொடுத்த பொருள் ஒரு தூபக்காலும் இரண்டு பூச்சாடிகளும். பெற்றவர், தெய்வமாக வணங்கப்பட்ட ஹு என்னும் படைத்தலைவர். வேண்டுதல், குடும்பம் முழுவதற்கும் காப்பும் பிள்ளைகளுக்கு நலமும். இறுதியில் காலம்: சிசெங் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, நான்காம் மாதம், ஒரு நல்ல நாள். அது 1351ஆம் ஆண்டு.

அந்த ஆண்டுக் குறிப்பே பீங்கான் வரலாற்றைத் திருத்தி எழுத வைத்தது. மங்கோலிய யுவான் மரபினரின் காலத்தில் நீலவெண் பீங்கான் இத்துணை முதிர்ச்சி பெற்றிருந்தது என்பதை அதுவரை அறிஞர் உணரவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து ஆர்.எல். ஹாப்சன் 1929இல் இச்சாடிகளைப் பற்றி எழுதினார். பின்னர் அமெரிக்க அறிஞர் ஜான் அலெக்சாண்டர் போப் இவற்றை அளவுகோலாகக் கொண்டு, இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் கோவிலகத்திலும் சேர்ந்திருந்த சீனக் கலங்களை ஆராய்ந்து, 1952இலும் 1956இலும் நூல்களாக வெளியிட்டார். பிற்காலத்தன என்று கருதப்பட்ட பல கலங்கள் 14ஆம் நூற்றாண்டுக்கு உரியவை எனத் தெளிவாயிற்று.

இச்சாடிகள் கோவிலேறி 37 ஆண்டுகளுக்குப் பின், 1388இல், சாவ் சாவ் என்னும் அறிஞர் பழம்பொருள்களைத் தரம் பிரித்து அறிவதற்கு ஒரு நூல் எழுதினார். நீல ஓவியம் தீட்டிய பீங்கானை அவர் மிக இழிந்த சுவையினது என்று ஒதுக்கினார். அந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் வேறு யாருமல்லர், பெர்சிவல் டேவிட்தான். 1964இல் அவர் மறைந்த பின், 1971இல் அம்மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சுவையறிந்தோர் தள்ளிய கலத்தையும் தள்ளிய நூலையும் அவர் ஒருசேரப் போற்றினார். ஒரு காலத்தின் தீர்ப்பு அக்காலத்தைக் காட்டும் சான்றேயன்றிக் கலையின் இறுதித் தீர்ப்பாகாது என்பதை அறிந்தவர் செயல் அது.

அதே 1351ஆம் ஆண்டில்தான் செந்தலைப்பாகையர் கிளர்ச்சி மூண்டது. பதினேழு ஆண்டுகளில் யுவான் அரசு வீழ்ந்தது. பிள்ளைகள் நலமாய் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட அந்தத் தந்தையின் வீடு அக்காலத்தை எவ்வாறு கடந்தது என்பதைச் சாடிகள் சொல்லவில்லை. எந்தத் தெய்வத்துக்கெனக் கொடுத்தாரோ, அத்தெய்வத்தின் திருமுன்னிலிருந்து அவை அகன்றுவிட்டன. அறிவுலகம் பெற்ற பேறு, ஒரு கோவில் இழந்ததனால் வந்தது என்பதையும் மறைத்தல் கூடாது.

டேவிட் தம் தொகுப்பை 1950இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார். 1952இல் அது பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2007இல் அவ்விடம் மூடப்பட்டு, 2009 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அக்கலங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ 1,700 கலங்களையும் அவ்வருங்காட்சியகத்துக்கே நிலையாக வழங்கும் முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

அத்தொகுப்பில் பேரரசரின் கவிதை தாங்கிய கலங்களும் உள்ளன. சாங் வென்ஜினின் சாடிகளும் உள்ளன. பேரரசர் தமக்குச் சொந்தமான கலத்தின் மேல் தம் புலமையை எழுதினார். சாங் வென்ஜின், தம் கையைவிட்டுப் போகும் கலத்தின் மேல் ஊரையும் பெயரையும் நாளையும் வேண்டுதலையும் எழுதினார். அவற்றுக்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு கலையின் காலக்கணக்கு முழுவதும் சாய்ந்து நின்றது அந்த எளிய வரிகளின் மேல்தான். அவ்வரிகள் குறிப்பிடும் தூபக்கால் இன்றுவரை கிடைக்கவில்லை; அது இருந்தது என்பதற்கு அவர் எழுதிய சொல் ஒன்றே சான்று.