விரைமேல் நாள நீர்க்கட்டி: கத்தி பின்வாங்கிய வரலாறு

எபிடிடிமிஸ் எனப்படும் விரைமேல் நாளம் விதையின் பின்புறத்தை ஒட்டிக் கிடக்கும் ஒற்றைக் குழாய். வளர்ந்த ஆணிடம் அதைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர் வரும். விதைக்குள் இருப்பது நுண்குழாய்களின் திரள் என்பதை டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் 1668இல் வெளியான நூலில் விளக்கினார். ஆனால் இந்த நாளத்தில் உண்டாகும் சிறு நீர்க்கட்டியைத் தனி நோயாகப் பிரித்தறிய நெடுங்காலம் ஆயிற்று. விதைப்பையில் நீர் கோத்த வீக்கம் எதுவானாலும் அது விரைவீக்கம் என்றே கொள்ளப்பட்டது.

விரைவீக்கத்துக்கு அன்று செய்த சிகிச்சை கொடியது. குழல் ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, மறுபடி ஊறாதிருக்க உள்ளே எரிச்சலூட்டும் திரவத்தைச் செலுத்துவார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் எர்ல் நீர் கலந்த ஒயினைப் பரிந்துரைத்தார். 1830களில் கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் ரானல்ட் மார்ட்டின் அதற்குப் பதில் அயோடினைப் பயன்படுத்தினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

1843இல் அறுவை மருத்துவர் ராபர்ட் லிஸ்டன், இப்படி வடித்த நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் விந்தணுக்கள் இருந்தன. சில கட்டிகள் விந்து செல்லும் பாதையிலிருந்தே கிளம்புகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் பூப்படையாத சிறுவனிடம் விந்தணு உற்பத்தி இல்லை. அவனுடைய கட்டியில் இருப்பது தெளிந்த நீர் மட்டுமே.

அதே ஆண்டு விதை நோய்களைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டவர் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங். இருட்டறையில் விதைப்பையின் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து, முன்புறம் சிவந்து ஒளிர்கிறதா என்று பார்க்கும் சோதனை அக்காலத்தில் பரவியது. நீர் என்றால் ஒளி ஊடுருவும். சதைக்கட்டி என்றால் இருண்டே இருக்கும். கைக்குழந்தைகளிடம் இதை நம்ப முடியாது. குடலிறக்கமாக இறங்கிய மெல்லிய குடலும் ஒளியை விடும். அதை நீர் என்று எண்ணி ஊசி குத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஐயம் பெருமளவு நீங்கியது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வந்த பிறகுதான். 1970களில் விதைப்பையை ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள். மெல்லிய சுவருக்குள் கருமையாகத் தெரியும் நீர், விதையிலிருந்து விலகி, பெரும்பாலும் நாளத்தின் தலைப்பகுதியில் நிற்கும். தொட்டாலும் தட்டுப்படாத சில மில்லிமீட்டர் கட்டிகள் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தென்பட்டன.

காரணம் பற்றிய தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. சார்லஸ் டாட்ஸ் 1938இல் உருவாக்கிய டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு அது பயனற்றது என்று காட்டியும் நிறுத்தப்படவில்லை. 1971இல் அந்த மருந்தை உண்ட தாய்மாரின் மகள்கள் சிலருக்குப் புற்றுநோய் வந்தது வெளிப்பட்ட பின்னரே அமெரிக்க அரசு எச்சரித்தது. அந்தச் சிகாகோ ஆய்வில் மருந்து உண்ட தாய்மாரின் மகன்களைப் பின்னர் சோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களிடம் விரைமேல் நாள நீர்க்கட்டிகள் மிகுதியாகக் காணப்பட்டன. கருவிலேயே ஹார்மோன் இந்த நாளத்தின் வளர்ச்சியைக் குலைக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வலுவான மனிதச் சான்று அரிது. வேண்டாத மருந்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் உடலில் விட்டுச்சென்ற தழும்பு அது. பெரும்பாலான சிறுவர்களுக்கோ இப்படி எந்தக் காரணமும் புலப்படுவதில்லை.

ஸ்கேன் பரவலாகி, கண்டறிந்த சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்ததில், பல கட்டிகள் தாமே சுருங்கி மறைவது தெரிந்தது. அறுவையோ, ஒற்றைக் குழாயில் தழும்பு உண்டாக்கி விந்துப் பாதையை அடைத்துவிடலாம். பெரியவர்களுக்குச் சில இடங்களில் செய்யப்படும், நீரை வடித்துக் கட்டிக்குள் மருந்தைச் செலுத்தும் முறையும் இதே அச்சத்தால் சிறுவர்களுக்குத் தவிர்க்கப்படுகிறது. வலியற்ற சிறு கட்டியை அவ்வப்போது ஸ்கேனில் பார்த்துவருவதே இன்றைய நடைமுறை. தீராத வலி, தொடர்ந்து பெரிதாகும் கட்டி, அரிதாகக் கட்டியே முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவற்றுக்கே அறுவை. அப்போதும் நாளத்தைக் காயப்படுத்தாமல் கட்டியை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். திடீரென்று கடும் வலி வந்தால் மட்டும் காத்திருப்பதற்கு இடமில்லை: விதையே முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும்.