டூட்டூ

பாலே ஆடும் பெண்ணின் இடுப்பைச் சுற்றி நுரை போல விரிந்து நிற்கும் பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். அத்தனை மென்மையான உடைக்கு வாய்த்த பெயரின் வேர் கொஞ்சம் கொச்சையானது. பிரெஞ்சில் 'க்யூ' என்றால் பிட்டம். குழந்தைப் பேச்சில் அது 'க்யூக்யூ'. சோற்றை 'மம்மம்' என்கிறோமே, அந்த மாதிரி. அதுவே திரிந்து 'த்யூத்யூ' ஆனது என்பார்கள். 'த்யூல்' என்ற வலைத்துணியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கமே சரியாகப் படுகிறது.

சொல்லுக்கு முன்பே உடை வந்துவிட்டது. 1832இல் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' நடனத்தில் மரீ தாலியோனி கெண்டைக்கால் வரை தொங்கும் வெள்ளைப் பாவாடையில் ஆடினார். கால்விரல் நுனியில் அவர் நின்றதைப் பார்க்க முடிந்ததே அந்த உயரத்தால்தான். நூற்றாண்டின் இறுதிக்குள் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது.

அந்த மெல்லிய துணி உயிரையும் குடித்தது. 1862 நவம்பரில் ஒத்திகையின்போது பாலே கலைஞர் எம்மா லிவ்ரியின் பாவாடையில் மேடையின் கேஸ் விளக்கிலிருந்து தீ பற்றிக்கொண்டது. தீப்பிடிக்காமல் காக்கும் மருந்தில் நனைத்தால் துணி விறைத்து மங்கிவிடும் என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாதம் துடித்து, 20 வயதில் இறந்தார். நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இன்றைய தட்டையான டூட்டூவில் வலைத்துணி அடுக்கடுக்காகத் தைக்கப்படுகிறது. நடுவே ஒரு கம்பி வளையம். மடிப்புகள் தொய்யாமலிருக்க, டூட்டூவைத் தலைகீழாகத்தான் மாட்டிவைப்பார்கள்.