மீன் விற்ற சிறுவனும் புத்தகக் கடை இரவுகளும்

"கிதாபு சோறு போடுமா?" பிள்ளையை மத்ரஸாவில் சேர்க்க வரும் தாய்மார்களில் சிலர் நம்மிடம் இப்படிக் கேட்பதுண்டு. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துவோர் கேட்கும் இக்கேள்வியில் குற்றமில்லை. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பஸரா நகரில் ஒரு தாயும் இதையே கேட்டார். வாயால் அல்ல, ஒரு தட்டால்.

அவருடைய மகன் அம்ர் இப்னு பஹ்ர், ஹிஜ்ரி 160-ஐ ஒட்டிப் பிறந்தவர். விழிகள் பிதுங்கியிருந்தமையால் 'அல்ஜாஹிழ்' என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. ஸைஹான் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்ற ஏழைப் பிள்ளை. பள்ளிவாசலில் கூடிய அறிஞர்களின் அவைகளும், பாலைவன அரபிகள் வந்து பேசிய மிர்பத் சந்தையுமே அவருக்குக் கல்விக்கூடங்கள். கையில் ஏடு கிடைத்தால் உலகம் மறந்துபோகும்.

ஒருநாள் பசியோடு வந்து தாயிடம் உணவு கேட்டார். தாய் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ரொட்டி இல்லை. அவருடைய குறிப்பேடுகளே இருந்தன. "நீ கொண்டுவருவது இதுதானே!" என்பது பொருள். மகன் மனம் உடைந்து பள்ளிவாசலில் போய் அமர்ந்திருந்தார். நிலையறிந்த செல்வர் ஒருவர் பொற்காசுகள் கொடுக்க, மாவும் பிற பொருள்களும் வாங்கி வீட்டுக்கு அனுப்பினார். திகைத்த தாய், "இவை எங்கிருந்து வந்தன?" என்றாராம். "நீங்கள் தட்டில் வைத்தீர்களே, அந்த ஏடுகளிலிருந்து" என்றாராம் மகன்.

இதைச் சொல்வோர் பெரும்பாலும் மகனின் சாதுரியத்தை மெச்சி முடித்துவிடுவர். நமக்கோ அந்தத் தாயின் கைகளே கண்முன் நிற்கின்றன. வெறுந்தட்டை வைக்க மனமின்றித்தானோ அவர் ஏடுகளையாவது அடுக்கினார்?

அக்காலத்தில் நூல்கள் கையால் படியெடுக்கப்பட்டவை. விலைகொடுத்து வாங்குவது ஏழைக்கு எட்டாதது. அதற்கும் ஒரு வழி கண்டார் அல்ஜாஹிழ். வர்ராக்குகள் எனப்படும் புத்தக வணிகர்களின் கடைகளை வாடகைக்கு எடுத்து, இரவு முழுவதும் உள்ளேயே தங்கி வாசிப்பார் என்ற செய்தி இப்னு நதீமின் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' நூலில் உள்ளது. கைக்கு வந்த எந்நூலையும் இறுதிவரை படிக்காமல் விட்டதில்லையாம். வாங்க வழியில்லாதவர், இருக்கும் நேரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்!

கொள்கையில் அவர் முஃதஸிலா. அதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் அரபு உரைநடையில் அவரைத் தவிர்த்துவிட்டுப் பேச எவராலும் இயலாது. விலங்குகளைப் பற்றிய 'கிதாபுல் ஹயவான்' ஏழு பாகங்கள் கொண்டது. அதன் தொடக்கத்தில் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். சலிப்பூட்டாத தோழன் என்று அவர் நூலைப் பேசும் இடங்களில், பசியோடு பள்ளிவாசலில் அமர்ந்திருந்த அச்சிறுவனையே நாம் காண்கிறோம்.

முதுமையில் பக்கவாதம் தாக்கி, பிறந்த ஊருக்கே திரும்பினார். ஹிஜ்ரி 255-இல் பஸராவில் இறந்தார். அடுக்கி வைத்திருந்த நூல்கள் சரிந்து விழுந்தே உயிர் பிரிந்தது என்றொரு கதையும் உண்டு. அது கதையாகவே இருக்கலாம். ஆனால், ஒரு தட்டில் அடங்கிய ஏடுகளோடு தொடங்கியவரின் வீட்டில், ஆளை அழுத்தும் அளவுக்கு நூல்கள் இருந்தன என்று மக்கள் நம்பினார்கள்.